பொருள் மாறாப் போலி

பயன்படுத்துவதற்காக ஒரு கருவியை வைத்திருத்தல் இயல்பு. உழவரிடம் ஏர் இருக்கிறது. மாணவரிடம் நூல் இருக்கிறது. பால்மரம் சீவுகிறவரிடம் உளி இருக்கிறது. இவற்றைக் குறித்து எவரும் வினா எழுப்புவதில்லை. ஆனால், ஒருபோதும் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்திருந்தும் ஒரு கொலைக்கருவியின் உருவை விலை கொடுத்து வாங்கி, வீட்டுக் கூடத்தில் ஒருவர் மாட்டி வைக்கிறார் என்று கொள்வோம். அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? அது வீண் செலவா? வெறும் அழகுணர்ச்சியா? உள்ளத்தில் பதுங்கியிருக்கும் வன்முறை விருப்பமா? அல்லது போற்றத்தக்க ஒரு பற்றா?

இவ்வினா நமக்குத் தொலைவானது அன்று. நெகிரி செம்பிலான் கடற்கரையை ஒட்டிய சி ரூசா வட்டாரத்தில் வாழ்வோர்க்குப் படைக்கலத்தின் உருவம் அன்றாடக் காட்சி. தோட்டத்துக் கோயிலில் முனீசுவரர் கையில் அரிவாள். முருகன் கையில் வேல். சிற்றூர்ச் சீனக் கடையின் உட்சுவரில் சிவந்த முகமும் நீண்ட தாடியும் உடைய ஒரு தெய்வம். அத்தெய்வத்தின் கையில் ஆளுயரத்தை மிஞ்சிய காம்பும், பிறைபோல் வளைந்த அகன்ற அலகும் உடைய ஒரு படை. அரிவாளுக்கு எலுமிச்சம்பழமும், சீனத் தெய்வத்திற்கு ஊதுவத்தியும் நாள்தோறும் கிடைக்கின்றன. இரண்டுமே வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சீனத் தெய்வம் ஏந்திய அந்தப் படையைக் 'குவான் தாவ்' என்பர். குவான் என்பது அதனை ஏந்தியவர் பெயர்; தாவ் என்றால் வாள். அதன் மாதிரியை இன்று எவரும் வாங்கலாம். தற்காப்புக் கலை பயில்வோர் வாங்குகின்றனர், வழிபடுவோர் வாங்குகின்றனர், அழகுக்காக வாங்கிச் சுவரில் மாட்டுவோரும் உள்ளனர். நம் வினாவுக்கு விடை காண, இந்த ஒரு படைக்கலத்தின் வரலாற்றை அறிதல் பெரிதும் துணைசெய்யும்.

குவான் யூ கற்பனை மாந்தர் அல்லர். சீனத்தில் ஹான் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்த படைத்தலைவர். லியூ பெய் என்னும் தலைவருக்குத் துணைநின்று, கி.பி. 220-ஆம் ஆண்டளவில் பகைவரிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டவர். காலப்போக்கில் மக்கள் அவரைத் தெய்வமாக்கினர். 14-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் 'மூன்று அரசுகளின் கதை' என்னும் பெருங்கதை அவர் கையில் ஒரு பிறைவாளைக் கொடுத்து, அதன் எடை 82 கட்டி என்றும் கூறியது. கட்டி என்னும் நிறையளவு முன்பு நம் சந்தைகளிலும் வழங்கியதே. அக்கணக்கில் அது ஏறத்தாழ 50 கிலோகிராம் ஆகும்.

ஆயின், வரலாறு வேறு கூறுகிறது. 3-ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாற்று நூலில் இப்பிறைவாளைப் பற்றிய குறிப்பே இல்லை. குவான் யூ எதிரிப் படைத்தலைவனைக் குத்திக் கொன்றார் என்றே அந்நூல் கூறுகிறது. குத்துவதற்கு உரியது ஈட்டியே அன்றிப் பிறைவாள் அன்று. இவ்வகைப் பிறைவாள், 1044-இல் நிறைவுற்ற சோங் காலப் படைநூலில்தான் படத்துடன் காணப்படுகிறது. அதாவது, குவான் யூ இறந்து எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர். பிற்காலத்தில் சிங் ஆட்சியில் படைத்துறைத் தேர்வுக்கு வந்தவர்கள் 80, 100, 120 கட்டி எடையுள்ள பெருவாள்களைத் தூக்கிச் சுழற்றிக் காட்ட வேண்டியிருந்தது. 1901-இல் அத்தேர்வு நிறுத்தப்பட்டது. அவ்வளவு கனமான வாள் போர்க்களத்திற்கு உதவாது. பகைவனை வெட்டுவதற்காக அன்றி, ஏந்துகிறவனைச் சோதிப்பதற்காகவே அது செய்யப்பட்டது.

எனவே, கடையில் விற்கும் மாதிரி எதனுடைய மாதிரி? மூலமாகக் கருதப்படும் குவான் யூவின் பிறைவாளே ஒரு கதையாசிரியரின் படைப்பு எனில், இது இல்லாத ஒன்றின் நகல் ஆகிறது. அப்படியானால் அதை வைத்திருப்பவர் ஒரு பொய்யை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாமா?

இங்கே தமிழ் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. 'போலி' என்னும் சொல் இன்று சந்தையில் இழிந்த பொருளில் வழங்குகிறது. போலிப் பணம், போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்கிறோம். ஆனால், இலக்கண ஆசிரியர்க்குப் போலி இழிந்தது அன்று. 'நலம்' என்பது 'நலன்' ஆகிறது. 'அறம்' என்பது 'அறன்' ஆகிறது. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கிறது. எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை. ஆகவே அதனைக் குற்றம் என்னாது, மொழியின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறோம். சந்தைப் போலியில் உருவம் மாறாமல் பொருள் மாறுகிறது. இலக்கணப் போலியில் உருவம் மாறியும் பொருள் மாறாமல் நிற்கிறது.

மாதிரிப் படைக்கலத்தையும் இவ்வளவுகோலால்தான் அளக்க வேண்டும். அதன் இரும்பு பழமையானதா, எடை சரியானதா, அலகு கூரியதா என்பன வணிகர் கேட்கும் வினாக்கள். அதன் பொருள் மாறாமல் நிற்கிறதா என்பதே அறநெறி கேட்கும் வினா.

அப்படைக்கலத்தின் பொருள்தான் யாது? அது வீரம் என்று விரைந்து விடை கூறிவிடலாம். ஆனால், அக்காலச் சீனத்தில் வீரர்க்குப் பஞ்சமில்லை. அவருள் ஒருவரை மட்டும் மக்கள் பல நூற்றாண்டுகளாக வணங்குவதற்கு வேறொரு காரணம் இருத்தல் வேண்டும்.

கி.பி. 200-ஆம் ஆண்டில் லியூ பெய் தோற்றோடினார். குவான் யூ, சாவ் சாவ் என்னும் பெருந்தலைவனிடம் சிறைப்பட்டார். சாவ் சாவ் அவரைத் துன்புறுத்தவில்லை. பதவி தந்தான், பரிசில்களைக் குவித்தான், தன்னுடனேயே இருத்திக்கொள்ள விரும்பினான். குவான் யூ அவன் செய்த நன்மையை மறுக்கவில்லை. போரில் அவனுடைய பகைவனின் படைத்தலைவனை வீழ்த்தி, பெற்ற நன்மைக்குக் கைம்மாறு செய்தார். அதன்பின் அவன் தந்த பரிசில்கள் அனைத்தையும் முத்திரையிட்டு வைத்துவிட்டு, ஒரு மடலும் எழுதி வைத்துவிட்டு, தம் பழைய தலைவரைத் தேடிப் புறப்பட்டார். பின்தொடர்ந்து பிடிக்க முற்பட்டவர்களையும் சாவ் சாவே தடுத்துவிட்டான்.

செஞ்சோற்றுக் கடன் கழித்த கன்னனை அறிந்த நமக்கு இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. கன்னன் பெற்ற நன்றிக்காக உடன்பிறந்தாரை எதிர்த்து நின்றான். அக்கடனைக் கழிக்க உயிரையே கொடுக்க நேர்ந்தது. குவான் யூ நன்றிக்கடனையும் கழித்தார், நட்பையும் காத்தார். அவ்விரண்டையும் ஒருசேரச் செய்வதற்கு அவர் விட வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: உடைமை. பொன்னும் பட்டும் பதவியும் அறையினுள் முத்திரையிடப்பட்டுக் கிடந்தன, மனிதர் வெளியேறிவிட்டார்.

இங்கேதான் நம் வினா கூர்மை அடைகிறது. உடைமையைத் துறந்து பெருமை பெற்ற ஒருவரின் படைக்கலத்தை நாம் உடைமையாக்கிக்கொள்கிறோம். வாங்கினேன், இவ்வளவு விலை, என் கூடத்திற்கு இது அழகு என்று அதன் உரிமையாளர் பெருமை பேசும்பொழுது, அதன் பொருள் மாறிப் போகிறது. உருவம் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும் அது சந்தைப் போலியே. மாறாக, இதை வைத்திருக்கும் நான் யாருக்கு உண்மையாக இருக்கிறேன், எதை விட்டுக்கொடுக்க இயலாமல் கட்டுண்டு கிடக்கிறேன் என்று அது அவரை நாள்தோறும் கேட்குமாயின், தகரத்தால் செய்த மாதிரியாக இருப்பினும் அது பொருள் மாறாப் போலி. சிங் காலத்துப் பெருவாள் ஏந்தியவனின் தோளைச் சோதித்தது. சுவரில் தொங்கும் மாதிரி உரியவரின் நெஞ்சைச் சோதிக்க வேண்டும்.

கோலாலம்பூரில் துன் எச்.எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை அறியாத தமிழர் இலர். 1873-இல் தோன்றிய கோயில் அது. அதே சாலையில், சில எட்டுத் தொலைவில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த குவான் தி கோயில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 59 கிலோகிராம் எடையுள்ளதாகக் கூறப்படும் செம்புக் குவான் தாவ் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. வழிபட வருவோர் அதனைத் தொடுகின்றனர். இயன்றவர் சற்றே தூக்கிப் பார்க்கின்றனர். அதனால் அருளும் வலிமையும் கிட்டும் என நம்புகின்றனர். அதுவும் மாதிரியே. ஆனால், அது தனி ஒருவருக்கு உரியது அன்று. எவர் கூடத்திற்கும் அணிகலன் அன்று. தூக்க முயல்பவர் முதலில் குனிய வேண்டியிருக்கிறது. படைக்கலம் நிமிர்ந்து நிற்க, மனிதர் அதன்முன் குனிவது பொருள் நிறைந்த காட்சி.

போரில் மாண்டவரைத் தெய்வமாக்குதல் நமக்கும் புதிதன்று. நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதல் வாழ்த்து வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. மதுரைவீரனும் அவ்வழியில் வந்த தெய்வமே. நெகிரி செம்பிலான் மண்ணிலும் இது நிகழ்ந்துள்ளது. இன்றைய சிரம்பானாகிய சுங்கை ஊஜோங்கில் சீனர் தலைவராக இருந்த சின் காப், 1860-இல் நடந்த பூசலில் கொல்லப்பட்டார். அவருடன் இருந்த யாப் ஆ லோய் பின்னர்க் கோலாலம்பூரில் எழுப்பிய கோயிலில் அவர் தெய்வமாக வணங்கப்படுகிறார். தமிழரும் சீனரும் இம்மண்ணுக்குத் தனித்தனிக் கப்பல்களில் வந்தவர்களே. எனினும், வீழ்ந்துபட்டவரின் நினைவுக்கு முன் கருவியைச் சாத்தி வைத்து வணங்கும் வழக்கம் இருவரிடத்தும் இருந்தது. ஆகலின், ஒரு தமிழர் வீட்டில் குவான் தாவ் தொங்குவது அயலார் பொருளைக் கவர்ந்ததாகாது. அதன் கதையை அறிந்து வைத்திருந்தால் அது உறவே. கதை அறியாமல் வைத்திருந்தால், அது பெயர் தெரியாத விருந்தினரை வாயிலில் நிறுத்தி வைத்ததற்கு ஒப்பாகும்.

இனி, தடை ஒன்று எழும். படைக்கலத்தின் உருவம் வன்முறையைத் தூண்டாதா? இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. 2013-இல் நம் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் நம் இளைஞர் பலர் சேர்ந்திருந்தனர் என்பது நாடறிந்த துயரம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், லயங்களை விட்டு நகரத்தின் ஓரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களுள் உண்டு. கோயிலில் காவல் தெய்வத்தின் கையில் பார்த்த அதே வடிவிலான கத்தியை ஓர் இளைஞன் தெருவில் ஏந்துகிறான். உருவம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. காப்பதற்கு அடையாளமாய் நின்றது தாக்குவதற்குக் கருவியாயிற்று.

தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் கருவியை ஏந்துவதை 1958-ஆம் ஆண்டுச் சட்டமொன்று குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டம் தேவையே. ஆனால், சட்டம் கையை மட்டுமே சோதிக்கும். வணங்கிக் குவிந்த கைக்குள்ளும் கொலைக்கருவி மறைந்திருக்கக்கூடும் என்று 'கூடாநட்பு' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். ஹாங்காங்கில் காவல்துறையினரும் குவான் யூவை வணங்குகின்றனர். அவர்கள் தேடிப் பிடிக்கும் இரகசியச் சங்கத்தாரும் அவரையே வணங்குகின்றனர். ஒரே சிவந்த முகம், ஒரே பிறைவாள், ஒரே சூளுரை. ஒருவர்க்கு அது கடமை தவறாமையைக் கற்பிக்கிறது. மற்றவர்க்குக் கூட்டத்தைக் காட்டிக்கொடாமையைக் கற்பிக்கிறது. ஆகவே, குற்றம் உருவத்தில் இல்லை. எதற்கு உண்மையாக இருப்பது என்பதை ஆராயாத உண்மையில்தான் குற்றம் இருக்கிறது. நட்பு உயர்ந்ததே, தீமைக்குத் துணைபோகும் நட்பு உயர்ந்தது ஆகாது.

வீட்டில் இத்தகைய உருவம் இருத்தலாகாது என்று விலக்குவதைவிட, இருக்கும் உருவத்திற்கு உரிய பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே சிறந்த காவல். கதை சொல்லாமல் மாட்டி வைத்த வாளுக்குத் தெரு வேறொரு கதையைக் கற்பித்துவிடும்.

சி ரூசா வட்டாரத்தில் தரைப்படை அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பழைய பீரங்கிகளும் கவச வண்டிகளும் அங்கே வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. அவை மாதிரிகள் அல்ல, மெய்யான படைக்கலங்கள். எனினும், விடுமுறை நாளில் குழந்தைகள் அவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். மெய்யான படை விளையாட்டுப் பொருளாகிவிட்டது. பொய்யான படையோ கோயிலில் மனிதரைக் குனிய வைக்கிறது. ஒரு பொருளின் தகுதி அது எதனால் ஆனது என்பதில் மட்டும் இல்லை, அதன்முன் நாம் எவ்வாறு நிற்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

புறநானூற்றின் 95-ஆம் பாடலைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் மகிழ்ந்து நடத்துவர். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று விளங்கிய படைக்கலங்களைக் கண்டார். தம் மன்னனின் படைகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போலப் பழித்தது அது. அழகாக வைத்திருப்பது வீரம் ஆகாது என்பதே அப்பாடலின் கருத்து எனப் பலரும் கொள்வர். அவ்வாறாயின், பட்டறையையும் காணாது, போரையும் காணாது சுவரில் தொங்கும் மாதிரி இன்னும் இழிந்தது அன்றோ?

அவ்வாறு முடிவு கட்டுவதற்குமுன் ஒன்று நோக்க வேண்டும். அப்பாடலை அரங்கேற்றியது வாள் அன்று, சொல். இரு மன்னரிடையே மூளவிருந்த போரைத் தவிர்க்கச் சென்றவர் ஒரு புலவர். அவர் ஏந்திச் சென்றது அறிவு. ஔவையார் பழித்தது, பயன்படாத படைக்கலத்தை அன்று. படைக்கலத்தை வைத்திருப்பதாலேயே வலிமை வந்துவிட்டதாக எண்ணிய செருக்கை. அமைதிக் காலத்தில் வாழும் நமக்கு முறியாத வேல் இழுக்கு ஆகாது. வேலைப் பார்த்து நம்மை வீரர் என எண்ணிக்கொள்வதே இழுக்கு.

'அவையஞ்சாமை' அதிகாரத்தில் வள்ளுவர் இதனை மேலும் நெருக்கமாக நம்மிடம் கொண்டுவருகிறார். அஞ்சாமை இல்லாதவர்க்கு வாளோடு என்ன உறவு என்று கேட்டவர், அதே மூச்சில், நுண்ணறிவினர் அவையை அஞ்சுபவர்க்கு நூலோடு என்ன உறவு என்றும் கேட்கிறார். வாளையும் நூலையும் அவர் ஒரே தட்டில் வைத்தது எண்ணத்தக்கது. ஆயுத பூசை நாளில் நாமும் கருவிகளையும் நூல்களையும் ஒருங்கே வைத்து வணங்குகிறோம். அப்படியானால், வாளை மாட்டி வைத்திருப்பவரைக் கேட்ட வினா, நூலை அடுக்கி வைத்திருப்பவரையும் விடாது. கண்ணாடி அலமாரியில் பிரிக்கப்படாமல் நிற்கும் சங்க இலக்கியம், மேடையில் மட்டும் முழங்கும் பழம்பெருமை, வகுப்பறைச் சுவரில் தொங்கும் திருக்குறள் அட்டை ஆகிய இவையும் மாதிரிப் படைக்கலங்களே. இவற்றின் பொருள் நம் நடத்தையில் மாறாது நின்றால் இவை இலக்கணப் போலி. மாறிவிட்டால் சந்தைப் போலி. மூவேந்தர் வீரத்தைப் பாடமாக நடத்திவிட்டு, பள்ளியில் நேரும் ஒரு சிறு அநீதியைக் கண்டு வாய்மூடியிருப்பவர், அடுத்த வீட்டுக்காரர் மாட்டிய தகர வாளை நோக்கி நகைத்தல் தகுமோ?

தோட்டத்து வீடுகள் பலவற்றில் மற்றொரு கருவியும் இருந்தது. அது மரம் சீவும் உளி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, தமக்குரிய நிரையில் மரந்தோறும் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்தது அது. ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வாராது. அந்த நுட்பத்தைக் கையில் வைத்திருந்த அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ரப்பர் மரங்கள் பலவிடத்தும் செம்பனைக்கு இடம் தந்துவிட்டன. உளிக்கு வேலை இல்லாது போயிற்று. கூடத்தில் வேற்று நாட்டு வீரரின் வாள் பளபளக்க, கொல்லைப்புறக் கொட்டகையில் அந்த உளி துருவேறிக் கிடக்குமாயின், அவ்வீட்டில் நன்றி இடம் மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அவ்வாளின் பொருளே நன்றியும் நட்பும் ஆதலின், உளியை மறந்த வீட்டில் வாளும் பொருள் இழக்கிறது. இரண்டையும் அருகருகே மாட்டி வைத்திருப்பவரே குவான் யூவின் கதையைச் சரியாகப் படித்தவர்.

எனவே, மாதிரிப் படைக்கலத்தை வைத்திருத்தல் தவறா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை இல்லை. வைத்திருப்பவர் அதன் கதையை அறிந்திருக்க வேண்டும்; அறிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதை எவர்மீதும் ஓங்குவதை விளையாட்டாகவும் எண்ணலாகாது. அது குறித்து நிற்கும் பண்பு தம்மிடம் இல்லாத நாளில், அதைக் காட்டிப் பெருமை பேசாதிருக்கும் நாணம் வேண்டும். இவை இருப்பின் அது உடைமை ஆகாது, கடன் ஆகும். பணம் கொடுத்து வாங்கியபின்னும் தீராத கடன். அக்கடனை நடத்தையால் செலுத்தலாமே அன்றிப் பொருளால் செலுத்த இயலாது.

கூரற்ற அலகு எவரையும் வெட்டாது. ஆயினும், அதனை நாள்தோறும் நோக்குபவரின் உள்ளத்தில் உள்ள பொய்யை மட்டுமாவது அது அறுக்க வேண்டும். அறுக்குமாயின், அப்போலி பொருள் மாறாப் போலியே.